போகும்போது வலது, வரும்போது இடது

விமானத்தில் ஜன்னலோரம் வேண்டும் என்று நான் கேட்டது எங்கள் கம்பெனியில் இரண்டு நாள் பேச்சாக இருந்தது. நான் எதையும் கேட்டு வாங்குகிற ஆள் இல்லை. கேன்டீனில் என்னை மட்டும் விட்டுவிட்டு டீக்காரர் போய்விட்டால்கூட, பித்தத்துக்கு டீ ஆகாது, நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டு இருந்துவிடுவேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. இருபத்திரண்டு வருடமாகப் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணிக்கு முன்னால் எனக்குப் பயம் கிடையாது. மனிதர்களுக்கு முன்னால்தான் வாய் வராது.

கோடு போட்ட டீ-சர்ட் ஆர்டர் ஒன்று சென்னையில் நின்றுபோயிருந்தது. இரண்டு பக்கத் தையலிலும் கோடு கோட்டோடு சேரவில்லை என்று சரக்கு வாங்குகிற பையர் ஆபீசில் சாம்பிளைத் திருப்பிவிட்டார்கள். வெட்டுகிறவரே நேரில் வந்து வெட்டிக் காட்டட்டும் என்றார்கள். ரயிலில் இடம் இல்லை. முதலாளி, "ஏரோப்ளேன்ல போய்ட்டு வாங்க மாஸ்டர், ஒரு மணி நேரந்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டிக்கெட் போடுகிற வேலை, ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் பெண்ணுக்கு. என் மகள் வயதுதான் இருக்கும்.

"எந்த சீட்டுங்ண்ணா போடட்டும்?"

"ஜன்னலோரமா இருந்தாத் தேவலைங்க அம்மணி."

"போட்டறலாமுங்ண்ணா. எந்தப் பக்கமுங்க?"

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். நான், "நாளைக்குச் சொல்றனுங்க" என்றேன். பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் எந்தப் பக்கம் என்று தெரியாமல் போடச் சொல்ல முடியாது. ஏனென்றால் ஜன்னல் எனக்காக இல்லை.

மண்ணரை ஏரியாவில் எங்கள் காம்பவுண்டில் எட்டு வீடுகள். நடுவில் வெளிப்படிக்கட்டு, மொட்டை மாடிக்கு இருபத்தொரு படி. ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் கைப்பிடி கிடையாது. ஆறு மாதத்துக்கு முன்னால் ஈரத்துணி வாளியோடு ஏறிய என் மனைவி அந்தப் படியிலிருந்து விழுந்தாள். தொடை எலும்பு உடைந்து, பிளேட் வைத்தார்கள். அதுவரை அவள் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷினில் வேலை பார்த்தவள். எலும்பு கூடிவிட்டது, இனி பயம் மட்டும்தான், படி ஏறி இறங்கினால்தான் கால் பழகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் ஏறவில்லை. வாசலைப் பார்த்துக் கிடந்த கட்டிலை என்னை வைத்தே திருப்பிப் போட்டாள். படிக்கட்டு கண்ணில் படக்கூடாதாம். மகளை மூலனூரில் கட்டிக்கொடுத்துவிட்டோம். நான் காலையில் போனால் இரவு வருகிறவன். பகல் முழுக்க அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். நான் சொல்லிப் பார்த்தேன், ஒருமுறை கோபமாகக்கூடச் சொன்னேன். அப்புறம் சொல்வதை விட்டுவிட்டேன்.

விமானத்தில் போகப்போகிறேன் என்று சொன்னபோது அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"மெட்ராசு போறது நம்மூருக்கு மேலதானுங்க போவும்?"

"அப்படித்தான் இருக்கும்."

"நான் மாடி மேல நின்னா உங்களுக்குத் தெரியுமுங்களா?"

நான் அவளைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று தெரியவில்லை. "நீ மேல நின்னா எனக்குத் தெரியாம இருக்குமா புள்ள" என்றேன். அந்த ஒரு பேச்சுக்குத்தான் நான் ஜன்னல் கேட்டது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கட்டிங் மேஜையில் பேட்டர்ன் தாளை விரித்தேன். ஒரு மூலையில் கோயமுத்தூர், எதிர் மூலையில் சென்னை, நடுவில் சாக்பீஸால் ஒரு கோடு. எங்கள் ஊர் அந்தக் கோட்டுக்கு வலது கைப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி விழுந்தது. அட்டையில் சின்னதாக ஒரு விமானம் வெட்டி, கோட்டின் மேல் நகர்த்திப் பார்த்தேன். திருப்பி வைத்தால் ஊர் இடது கைக்கு வந்துவிட்டது. பனியனில் முன்பாகத்தைத் திருப்பிப் போட்டால் கைகள் இடம் மாறுவதைப் போலத்தான். போகும்போது வலது, வரும்போது இடது.

"மாஸ்டர் ஏரோப்ளேனுக்கே பேட்டர்ன் போட்டுட்டாருடோய்" என்றான் வெட்டுக்குத் துணியை அடுக்கடுக்காக லே விரிக்கிற ஆள்.

"ஸ்லீவ் ரெண்டும் மேட்ச் ஆவுதுங்களா மாஸ்டர்?" என்று இன்னொருவன்.

நான் தாளைச் சுருட்டி வைத்துவிட்டு மெர்ச்சண்டைசர் பெண்ணிடம் போய், "வலது பக்கமுங்க. றெக்கை மேல வேண்டாம், அதுக்கு முன்னால" என்றேன். அவள் போனில் சீட்டுப் படத்தைக் காட்டினாள். நான் விரலால் ஒன்றைத் தொட்டேன். அப்புறம் எதற்காக என்று அவளிடம் மட்டும் சொன்னேன். சாயத்தில் ஷேடு மாறிப்போய் ஒதுக்கி வைத்திருந்த சிவப்பு ரோல் ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கித் தந்தது அவள்தான். நானாக இருந்தால் கேட்டிருக்க மாட்டேன்.

துணி மேலேயிருந்து தெரியுமா என்று சோதித்தும் பார்த்தேன். கம்பெனி முற்றத்தில் அதை நான்கு வரிசை பக்கம் பக்கமாக விரித்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்றேன். கண்ணைப் பறிக்கிற சிவப்பு. எனக்குத் திருப்தியாக இருந்தது. நான் ஏறிப் பார்த்த உயரம் அவ்வளவுதான்.

புறப்படுகிற அன்று விடியற்காலையில் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து பனியன் செக்கிங்கில் வேலை பார்க்கிறவள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து என் மனைவியின் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவாள்.

"துணிய நான் விரிச்சிருதேன் அண்ணாச்சி. அக்காவையும் ஏத்தி விட்டுருதேன். நீங்க குனிஞ்சு பாக்க மட்டும் மறந்துராதிய."

என் மனைவி தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கட்டிலை வாசல் பக்கம் திருப்பிப் போடச் சொன்னாள். போட்டுவிட்டுப் போனேன்.

விமானத்தில் என் சீட் எனக்குக் கிடைத்தது. ஜன்னலும் துடைத்த கண்ணாடியாக இருந்தது. நான் தொட்ட அதே இடம். விமானம் ஏறியது, ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பியது, நேரானது. நேரானதும் என் ஜன்னல் முழுக்கச் சூரியன் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஷேடு பார்க்கிறவன் வெளிச்சத்துக்கு எதிரே துணியைப் பிடிக்க மாட்டான். வெளிச்சத்தை முதுகில் வாங்கிக்கொண்டுதான் பார்ப்பான். இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். காலை நேரத்தில் சென்னைக்குப் போகிறவனுக்குச் சூரியன் எந்தப் பக்கம் இருக்கும் என்பதை மட்டும் அந்தத் தாளில் நான் வரையவே இல்லை.

கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக்கொண்டு பார்த்தேன். கீழே தகரக் கூரைகள் ஒவ்வொன்றாக மின்னி அணைந்தன. நடுவில் எங்கோ ஒரு மேகம் குறுக்கே வந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் ஊர் தெரிந்தது. சாயங்காலம் கட்டிங் ஹாலைப் பெருக்கி மூலையில் குவித்து வைத்த பிட்டுத் துணி மாதிரி இருந்தது. எல்லா மாடியிலும் துணி. வெள்ளை, நீலம், மஞ்சள், சிவப்பு. எங்கள் ஊரில் துணி காயாத மாடி எது? சிவப்பாக மட்டும் ஏழெட்டுப் புள்ளி பார்த்தேன். அதில் எது என்னுடையது என்று யோசிப்பதற்குள் மேகம் விலகி மறுபடி கண் கூசியது. அதற்குப் பிறகு வெறும் வயல்.

அவள் நிற்பாள் என்று நினைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமாகக் கையைத் தூக்கினேன். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். தலையைச் சொறிவதுபோலக் கையை இறக்கிக்கொண்டேன்.

சென்னையில் வேலை லகுவாக முடிந்தது. கோட்டுக்குக் கோடு ஊசியால் குத்திப் பிடித்து லே விரித்து, வெட்டிக் காட்டினேன். அங்கே இருந்த அதிகாரி தலையை ஆட்டினார். மதியம் வெளியே வந்து ஒரு மரத்தடியில் நின்று வீட்டுக்குப் போன் செய்தேன்.

"பாத்தீங்களா?" என்றாள்.

எடுத்ததும் கேட்டுவிட்டாள். நான் என்ன சொல்வது? ஆறு மாதத்துக்குப் பிறகு இருபத்தொரு படி ஏறி வெயிலில் நின்றவளிடம், கண் கூசிவிட்டது என்றா சொல்வது?

"பாத்தேன்."

"துணியவுங்களா?"

"துணியும் தெரிஞ்சுது. நீயும் தெரிஞ்ச. நின்னுட்டுக் கையை ஆட்டினயே."

  

"சரிங்க. போய் நேரத்துல சாப்பிடுங்க" என்று வைத்துவிட்டாள்.

அந்த ஆபீசில் இன்னொரு சாம்பிளையும் மறுநாள் வெட்டிக் காட்டச் சொன்னதால் அங்கேயே தங்க வேண்டியதாகிவிட்டது. வெளிச்சம் இருக்கும்போதே மறுபடி கூப்பிட்டேன். போனை எடுத்தது பக்கத்து வீட்டுப் பெண். நாளைக்குத்தான் வருவேன் என்றேன்.

"அக்கா கட்டில்ல இருக்காவ. காலைல துணியெல்லாம் நல்லாத்தான் விரிச்சோம் அண்ணாச்சி. அக்காவுக்குத்தான் ஒம்பதாவது படியோட காலு நடுங்கிட்டு. அங்கனயே உக்காந்துட்டாவ. நீங்க போற சத்தம் கேட்டு ஒரே அழுக. பொறவு நான்தான் எறக்கிக் கூட்டியாந்தேன்."

 மேலே போகாதவளை மேலே பார்த்தேன் என்று சொல்லியிருக்கிறேன். கையை ஆட்டினாய் என்று வேறு சொல்லியிருக்கிறேன். அவள் ஒன்றும் கேட்காமல் சாப்பிடப் போகச் சொல்லியிருக்கிறாள். நான் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ சொல்ல ஆரம்பிப்பதற்குள் போன் கை மாறிவிட்டது.

"நாளைக்கு வரும்போது எந்தப் பக்கமுங்க?" என்றாள் என் மனைவி.

"எடது. மூணு மணி சுமாருக்கு." அதற்குப் பிறகு, "வேண்டாம் புள்ள" என்றேன்.

"ஏனுங்க வேண்டாம்? நீங்க பாத்த மாதிரி நான் ஒரு நாளைக்காவது நிக்கோணுமில்லைங்க."

அதில் கோபம் இருந்ததா, கேலி இருந்ததா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

திரும்புகிற டிக்கெட்டை நாள் மாற்றிப் போட்டதில் சீட் எதுவும் எடுக்கவில்லை. தானாக விழுகிற சீட்டுதான். "கவுண்டர்ல கேளுங்கண்ணா, குடுப்பாங்க" என்று மெர்ச்சண்டைசர் பெண் போனில் சொன்னாள். காலையிலிருந்து வெட்டுகிற வேலைக்கு நடுவிலும் அதையே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது பக்கம் ஜன்னலோரமா ஒரு சீட்டு குடுங்க. இவ்வளவுதான். கவுண்டரில் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். தமிழில் சொன்னாலும் அவளுக்குப் புரிந்திருக்கும். எனக்குப் பின்னால் பெரிய வரிசை. பெட்டி இல்லை என்று நான் கையை விரித்துக் காட்டினேன். அவள் சீட்டை நீட்டினாள். வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

இடது பக்கமே விழுந்திருந்தது. ஆனால் நடு சீட். ஜன்னலோரத்தில் பேன்ட் சட்டை போட்ட ஒருவர், என்னைவிட வயது குறைந்தவர். உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, மேலே தூக்க வேண்டிய ஜன்னல் மூடியைக் கீழே இழுத்துச் சாத்தினார். விமானம் ஏறுவதற்கு முன் பணிப்பெண் சொல்லித் திறந்தார். ஏறி முடித்ததும் மறுபடி சாத்திவிட்டுத் தூங்கிப்போனார்.

நான் நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெளிச்சம் இன்று எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். எதிர்ப்பக்க ஜன்னல்களில் மேற்கு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. என் பக்கம் வெளிச்சம் முதுகில் விழுகிற பக்கம். ஷேடு பார்க்க இதைவிட நல்ல பக்கம் கிடையாது. எனக்கும் அதற்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் மூடி.

விமானம் இறங்க ஆரம்பித்தது காதில் தெரிந்தது. "சார்" என்றேன். எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். அவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். அவருக்குக் குறுக்கே கையை நீட்டி நானே மூடியைத் தூக்கிவிடலாம் என்று நினைத்தேன். கை அவர் நெஞ்சுக்கு மேலே பாதி தூரம் போனது. கண் விழித்து, என்னய்யா வேண்டும் என்று கேட்டால்? என் மனைவி கீழே ஒரு மாடியில் நிற்கிறாள், அவளைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். வாழ்க்கையில் யாரிடமும் இப்படி ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பணிப்பெண் வந்து அவரைத் தட்டி எழுப்பி மூடியைத் திறக்கச் சொன்னபோது கீழே தென்னந்தோப்பும் கல்லூரிக் கட்டிடங்களும் அகலமான ரோடும் தெரிந்தன. எங்கள் ஊர் தாண்டிப் போயிருந்தது.

இறங்கியதும் வீட்டுக்குப் போன் செய்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. வெளியே வந்து பஸ் ஏறி மறுபடி செய்தேன். எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டேன். கம்பெனியில் போனை வெளியே வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று தெரிந்தும் கூப்பிட்டேன். அவிநாசி வரைக்கும் பஸ் ஊர்ந்தது. முன்சீட்டில் ஒரு வடநாட்டுப் பையன் வீடியோ காலில் யாரிடமோ இந்தியில் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தான். ஒருமுறை விழுந்தவள். கைப்பிடி இல்லாத பக்கம் எது என்று எனக்குத் தெரியும். ஏன் பேச்சுக்காவது பார்த்தேன் என்று சொன்னேன், பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தால் இன்று ஏறியிருக்க மாட்டாளே என்று பஸ் முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன். பத்துத் தடவைக்கு மேல் கூப்பிட்டிருப்பேன்.

காம்பவுண்டுக்குள் நுழைந்தால் எல்லாக் கதவும் பூட்டிக் கிடந்தன. எல்லோரும் ஷிப்டில். எங்கள் கதவு திறந்திருந்தது. கட்டில் காலி. தலையணை மேல் போன் கிடந்தது.

படியடியில் வந்து நின்றேன். யாரும் விழுந்து கிடக்கவில்லை. 

"மேல வாங்க" என்று சத்தம் கேட்டது.

மாடியில் சிவப்புத் துணி விரித்தபடியே இருந்தது. நான்கு மூலையிலும் செங்கல். அதன் நடுவில் என் மனைவி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தலையில் துண்டு. முகம் வெயிலில் கறுத்துப்போயிருந்தது. பக்கத்தில் காலியான ஒரு தண்ணீர் பாட்டில்.

"எப்ப ஏறின?"

"சாப்பாட்டு நேரத்துல அவ வந்து ஏத்தி உட்டுட்டு ஓடிட்டா. பெல் அடிச்சிருவாங்கன்னு."

"அப்பருந்தா இங்க?"

"எறங்க முடியலைங்க" என்றாள். "ஏறும்போது படியத்தான் பாத்தேன். எறங்கலாம்னு போனா கீழ தரை தெரியுது. காலை வெக்க மாட்டேங்குது. போனையும் கீழயே வெச்சுட்டேன். மணி அடிக்கறது கேட்டுட்டேதான் இருந்துச்சு."

நான் அவள் பக்கத்தில் துணி மேல் உட்கார்ந்தேன். சுற்றிலும் எல்லா மாடியிலும் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

"மூணு மணிக்கு ஒரு ஏரோப்ளேன் போச்சுங்க. நின்னேன். கையக்கூட ஆட்டினேன்." பாட்டிலை நகர்த்தி வைத்துவிட்டு, "உங்களைப் பாத்தேனே" என்றாள்.

"என்னையா?"

"ஆமாங்க. வெள்ளச் சட்டையில ஜன்னலோரமா உக்காந்திருந்தீங்க."

நான் போட்டிருந்தது நீலக் கட்டம். அவள் என்னைப் பார்க்காமல் துணியின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். இனிமேல் மறைக்க ஒன்றும் இல்லை.

"ஜன்னல் கெடைக்கல புள்ள. நடு சீட்டு."

"எட்டிப் பாக்கறதுதானுங்க?"

"பக்கத்துல இருந்தவரு சாத்திட்டாரு."

"தெறக்கச் சொல்றதுதானுங்க?"

"தூங்கிட்டாரு."

"எழுப்பறதுதானுங்க?"

 அவள் சிரித்துவிட்டாள். "இருவத்தஞ்சு வருசமா கூட இருக்கறேன். நீங்க எழுப்புவீங்கன்னு நெனச்சு நான் ஏறுனேனாக்கும்?"

"நேத்தும் நான் பாக்கல" என்றேன்.

"தெரியுமுங்க."

வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. ஷிப்ட் முடிந்து யாராவது வரும்வரை இருக்கலாமா என்று கேட்டேன். ஓவர்டைம் என்றால் நேரமாகும், தாகமாக இருக்கிறது, இறங்கலாம் என்றாள். நான் முன்னால் போய், ஒரு படி கீழே, அவளைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்கினேன். அவள் ஒரு கையைச் சுவரில் வைத்து, இன்னொரு கையால் என் தோளைப் பிடித்தாள். நான்கு படி நின்றபடி இறங்கினாள். ஐந்தாவதில் கால் நடுங்கியது. உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாக நகர ஆரம்பித்தாள்.  எனக்குப் பின்னால் படி எங்கே இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. அவள்தான் எனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டு வந்தாள். "இன்னும் கொஞ்சம் பின்னால வைங்க, சுவத்துப் பக்கம், ஆ, அங்க."

கீழிருந்து ஒன்பதாவது படி வந்ததும், "இதுதானுங்க நேத்து நான் உக்காந்த படி" என்றாள். இன்றும் அங்கே அவளால் நகர முடியவில்லை. நானும் அவளுக்குக் கீழே ஒரு படியில் உட்கார்ந்தேன். அவள் என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. யாராவது வருகிறார்களா என்று இருவரும் காம்பவுண்டு கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கீழே இன்னும் எட்டுப் படி இருந்தது.